அடிப்பெட்டியில் மாமா பெயர்

பழங்காநத்தம்,
புதன்கிழமை.

பாசமும் பயமும் ஒருசேர வைத்திருக்கிற ஜெயபாண்டி மாமாவுக்கு, அக்கா மகள் தாமரைச்செல்வி வணங்கி எழுதுவது. இங்கே அத்தை சௌக்கியம், அம்மா சௌக்கியம், கடையும் சௌக்கியம். அங்கே உங்கள் கோபமும் சௌக்கியமாகத்தான் இருக்கும். இரண்டு நாளாகப் போனை அணைத்துவிட்டு விளாங்குடி குடோனில் உட்கார்ந்திருக்கிறீர்களாமே! அதனால்தான் அங்கே வாடகைச் சேர் ஏற்ற வருகிற வண்டியில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

மாமா, நான் எம்.பி.ஏ.வில் படிக்கிற என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் இருக்கிறதே, அதைப் போல ஒரு பாடம் உலகத்திலேயே கிடையாது! ஒரு நிறுவனத்தில் எந்த வேலை எந்தத் தகவலை நம்பி நடக்கிறது, அந்தத் தகவல் எந்தக் கணினியில், எந்த ஆளிடம் இருக்கிறது என்று அடுக்கடுக்காகப் பெட்டி போட்டு வரைய வேண்டும். மற்றவர்கள் வங்கி, விமானம் என்று எடுத்தார்கள். நான் நம் பந்தல், வாடகைப் பாத்திரக் கடையை எடுத்தேன். வரைய வரைய எனக்குச் சோறு தண்ணியே மறந்துபோனது, அம்புட்டுச் சந்தோஷம்! மேலே வாடிக்கையாளர்கள், அதற்குக் கீழே பந்தல், சேர், அண்டா, அதற்கும் கீழே ஆர்டர் வருகிற வாட்ஸ்அப், எல்லாவற்றுக்கும் அடியில் மொத்தத்தையும் தாங்குகிற பெட்டி. அதில் உங்கள் பெயர். அதைப் பிளக்ஸ் அடிக்கக் கொடுத்ததுதான் வினை. பிளக்ஸ் கடைக்காரர், "போட்டோ இல்லாமப் பிளக்ஸா? நம்ம ஊர்ல எவன் பாப்பான்?" என்று கூலிங்கிளாஸ் போட்ட உங்கள் படத்தை அடிப்பெட்டியில் சேர்த்துவிட்டார். நான் அதைக் கடை வாசலில் சாத்தி வைத்த நேரம் பார்த்து உங்கள் கூட்டாளி சிவபாண்டி வந்து, "அண்ணே, ஒங்க பிளக்ஸ்லயே ஒங்களக் கடைசி வரிசையில போட்டுட்டாக. மேல ஒங்க பங்காளி சோலை பேரு ஜம்முனு இருக்கு" என்று கொளுத்திப் போட்டுவிட்டார். சோலை மாமா நம்மிடம் சேர் வாடகைக்கு எடுக்கிறார், அதனால் வாடிக்கையாளர் வரிசையில் இருக்கிறார். வேறு ஒரு மரியாதையும் இல்லை.

மாமா, இது காதுகுத்துப் பிளக்ஸ் இல்லை. இதில் கீழே இருப்பவர்தான் பெரியவர். உங்களை உருவினால் மேலே உள்ள மொத்தமும் பொலபொலவென்று சரிந்துவிடும் என்று பேராசிரியர் முன்னால் அடித்துச் சொல்வேன். வெள்ளிக்கிழமை ரிவியூ. கடை சார்பில் ஒருவர் நேரில் வந்து, "எங்க கடை இப்படித்தான் நடக்குது" என்று சொன்னால்தான் நான் பாஸ். இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் இதே பாடம். பாடம் பிடிக்கும்தான், அதற்காக இரண்டு வருஷமா? அழுகையாக வருகிறது மாமா, வந்துவிடுங்கள்.

மீனாட்சியம்மன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் குளிர்ந்த மனசும் கொடுக்கட்டும்.

உங்கள் செல்ல மருமகள்,
தாமரைச்செல்வி

பி.கு.: இதை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "அவக போயி ரெண்டு நாளாச்சே, என்னத்தா சரிஞ்சுச்சு?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் சரியவில்லை. இன்று மதியம் அத்தை போனை வைத்துவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போன நேரத்தில்தான் வில்லாபுரம் போக வேண்டிய பந்தல் தவறி அவனியாபுரம் போய்ச் சேர்ந்தது. ஆகவே அடிப்பெட்டியில் கனகலட்சுமி என்று அத்தை பெயரைப் போட்டுவிட்டேன். நீங்கள் விரும்பியபடியே உங்களைப் படத்தோடு உச்சியில், சோலை மாமாவுக்கும் ஒரு படி மேலே ஏற்றியாயிற்று. இனி உங்கள்மேல் எந்தப் பாரமும் இல்லை. ரிவியூவில் அத்தைதான் பேசுகிறார். "அவகளும் வரட்டும்த்தா. உக்கார நல்ல சேராப் பாத்து ஒண்ணு போட்டு வையி" என்றார்.