பூனைமுக அம்மன்

"பூனை மூஞ்சியை டி.வி. மேல வெச்சா நம்ம ஆம் உருப்படுமா?" என்றாள் சாவித்திரி.

அவள் கணவர் குருமூர்த்திக்குச் சுருக்கென்றது. துறைமுக ஆபீஸ் நண்பர் வாஞ்சிநாதன், கப்பலில் எகிப்து போய் வந்தபோது வாங்கிவந்த வெண்கலச் சிலை அது. பழைய சிலையின் நகல்தான். சாண் உயரம்கூட இல்லை. பெண் உடம்பு, பூனைத் தலை, காலடியில் குட்டிகள்.

"அது பாஸ்டெட். எகிப்து தேசத்து அம்மன். கல்கத்தாவுலேயே நம்மாத்துலதான் இருக்கும்."

"அம்மனுக்கு டி.வி. மேல என்ன வேலை?" என்று சாவித்திரி சிலையைப் பூஜை அலமாரிக்கு மாற்றி, முன்னால் கிண்ணத்தில் பாலும் வைத்தாள்.

பாலுக்கு லேக் கார்டன்ஸ் பேட்டைப் பூனைகள் வந்தன. அவற்றை விரட்ட வந்த எதிர் ஃப்ளாட் வங்காளிப் பெரியம்மா, மித்ரா மாஷிமா, சிலையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டார்.

"மா ஷஷ்டி. குழந்தைகளைக் காப்பாத்துறவ. பூனைதான் அவளுக்கு வாகனம். எங்க ஷஷ்டி அம்மா உங்க வீட்லயா?"

அந்த முகத்தின் சந்தோஷத்தைக் கெடுக்க குருமூர்த்திக்கு மனம் வரவில்லை. தலையாட்டினார். போதாததற்கு, "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கா" என்றும் சொல்லிவைத்தார்.

மறுநாள் முதல் கைக்குழந்தைகளோடு பெண்கள் வந்தார்கள். பேப்பர் படிக்க உட்கார்ந்தால் மடியில் யாராவது ஒரு குழந்தையைக் கிடத்தினார்கள்.

பொறுக்க முடியாமல் குருமூர்த்தி சிலையை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். "அம்மா கோவிச்சுண்டு உள்ளே போயிட்டா" என்று சாவித்திரி சமாளித்தாள். அவ்வளவுதான், கோபம் தணியட்டும் என்று தெருவே திரண்டு வந்து ஹாலில் சங்கு ஊதியது. கிளப் செயலாளர், வரும் துர்கா பூஜைக்குக் குருமூர்த்தியே தலைவர் என்று அறிவித்தார்.

தலைவர் பதவி அவரைக் குத்தியது. எழுந்து நின்றார்.

"இவ உங்க ஷஷ்டி இல்லை. எகிப்து அம்மன், பேரு பாஸ்டெட். எங்க தாத்தா இவளைப் பார்த்ததே இல்லை. ஆனா இவளும் தாய்தான். நான் இவளை நெனச்சுப் பெருமைப்படறேன். பொய் சொன்னதுக்கு மட்டும் வெட்கப்படறேன்."

சங்கு நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாஷிமா மட்டும் தன் மருமகளை முழங்கையால் இடித்தார்.

இடுப்பிலிருந்த குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"தெரியும் காகு. நான் ஜாதவ்பூர்ல ஹிஸ்டரிதான் படிச்சேன். இது எகிப்து சிலைன்னு மொத நாளே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்கதான் அவ்வளவு பெருமையா ஷஷ்டின்னு நம்பிட்டிருந்தீங்க, உங்க மனசு நோகக் கூடாதேன்னு தெரு மொத்தமும் கும்பிட்டோம்."