அரை நிமிட மன்னிப்பு

"அரை நிமிஷமா?" டிப்போ தலைவர் தத்தேனோ அலறினார். "அரை நிமிஷம் முன்னாடியே வண்டிய எடுத்துட்டியா? லேட்டா எடுத்திருந்தாக்கூட மழை பேஞ்சுது, மான் குறுக்க வந்துச்சுன்னு எதையாவது சொல்லலாம். முன்னாடி எடுத்ததுக்கு என்னய்யா சொல்றது?"

ஒகுனிஷி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான். பிளாட்பாரத்து ஊழியர் கைகாட்டி வண்டியை அனுப்பும் பெரிய நகரத்திலிருந்து இந்த மலை லைனுக்கு மாற்றலாகி வந்து இரண்டாவது நாள்தான். ஒற்றைப் பெட்டி வண்டி. ஓட்டுவதும் அவனே, டிக்கெட் வாங்கிக்கொள்வதும் அவனே. இது நடந்த கமினோசே ஸ்டேஷனில் ரயில்வே ஊழியர் என்று ஒரு ஈ காக்கை கிடையாது.

"எப்படி நடந்துச்சுன்னே தெரியல சார். கண்ணாடியில பார்த்தா பிளாட்பாரத்துல ஒருத்தர் கையத் தூக்குறாரு, வண்டி நகருது, அவரு ஓடுறாரு. எல்லாம் ஒரே நேரத்துல நடந்த மாதிரி இருக்கு."

"கையத் தூக்கிட்டு ஓடுனாரா? போச்சு! ஏற வந்தவர விட்டுட்டு வந்திருக்கே. அவரு தலைமை ஆபீசுக்கு ஒரு போன் போட்டார்னு வையி, உன் கையில இருந்து வண்டியப் பிடுங்கிட்டு அருவாளக் கொடுத்துடுவாங்க. தண்டவாள ஓரமா புல்லு வெட்டியே ரிட்டயர் ஆகணும்."

 ரயில் ஓட்டுவதைத் தவிர உலகத்தில் ஒகுனிஷிக்கு வேறெதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது.

"போன் வர்றதுக்கு முன்னாடி நீயே போய்க் கால்ல விழு. வெறுங்கையோட போகாதே."

அந்த ஆள் யாரென்று கமினோசேவில் தோஃபு என்கிற சோயாக் கட்டி விற்கும் அம்மாள் சொல்லிவிட்டாள். "நீல ஓட்டு வீட்டு இவகிரியா? அவரு எந்நேரமும் ஸ்டேஷன்லதானே நிப்பாரு!" தினசரிப் பயணி வேறு. ஒகுனிஷிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பயறு இனிப்பு ஒரு சின்னப் பெட்டி வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினான். ரயில்வே சீருடையைப் பார்த்ததுமே இவகிரி வெளுத்துப் போனார்.

"அன்னைக்கு வண்டி அரை நிமிஷம் முன்னாடி கிளம்பினதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டுப் போகலாம்னு..."

"ஐயையோ, பரவாயில்லைங்க, பரவாயில்லைங்க, பரவாயில்லைங்க! தப்பெல்லாம் என் மேலதான்!"

எங்கள் பக்கத்தில் ஒருவர் 'பரவாயில்லை' என்று ஒரு தடவை சொன்னால் பரவாயில்லை என்று அர்த்தம். மூன்று தடவை சொன்னால் உள்ளே எரிமலை குமுறுகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

"தப்பு என் மேலன்னு அவரே சொன்னாரா?" டிப்போவில் இதைக் கேட்ட தத்தேனோ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "மனுஷன் எவ்வளவு கோவமா இருந்தா அப்படிச் சொல்லுவாரு! சின்னப் பெட்டியத் தூக்கிட்டுப் போனே பாரு, அதுலதான் அவமானப்பட்டிருப்பாரு. கிளம்பு, நானும் வர்றேன்."

இந்தத் தடவை நகரத்திலிருந்து வரவழைத்த பெரிய கேக். இருவரும் வாசலிலேயே இடுப்பு முறிகிற அளவுக்குக் குனிந்தார்கள். இவகிரி அவர்களைவிடத் தாழ்வாகக் குனிந்தார். இவர்கள் இன்னும் குனிந்தார்கள். அவர் தரையில் மண்டியிட்டு நெற்றியைப் பாயில் ஒட்டிவிட்டார். அதற்குமேல் தாழ்வதற்கு இவர்களுக்குப் பள்ளம் தோண்டினால்தான் உண்டு.

மறுநாள் காலையில் டிப்போவுக்கு ஒரு பார்சல் வந்தது. உலர்ந்த சீமைப் பனிச்சைப் பழம் ஒரு கூடை, சக்கரவள்ளிக் கிழங்குச் சாராயம் ஆளுயர ஜாடியில். அனுப்பியவர் இவகிரி.

"நாம கொடுத்தது கேக்கு. அவரு பதிலுக்குக் கொடுத்தது இது," என்று தத்தேனோ தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "மூஞ்சியில அடிச்ச மாதிரி இல்ல இருக்கு? இனிமே நம்மால ஆகாதுப்பா. மேலிடத்துக்குச் சொல்லிட வேண்டியதுதான்."

"சார், மேலிடத்துக்குத் தெரியக் கூடாதுன்னுதானே இவ்வளவும் பண்ணோம்?"

"அது அப்போ. இப்போ ஜாடி வந்துடுச்சே!"

மேலிடம் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தது. இயக்குநர் சொயெஜிமா மரப்பெட்டியில் ரிப்பன் கட்டிய முலாம்பழத்தைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, தத்தேனோவோடு ஒகுனிஷி ஓட்டிய வண்டியில் கமினோசேவுக்கு வந்து இறங்கினார். ஒகுனிஷியும் அத்துடன் வண்டியை மாற்று ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கினான். வழியெல்லாம் இயக்குநர் கடிகாரத்தையே பார்த்தார். ஒகுனிஷி ஒரு நொடி பிசகாமல் ஓட்டினான், பாவம்.

நீல ஓட்டு வீட்டுக் கூடத்தில் மூவரும் வரிசையாக மண்டியிட்டார்கள். முலாம்பழம் நடுவில். எதிரே இவகிரி.

"எங்க கம்பெனி வரலாற்றுலயே இப்படி ஒரு கேவலம் நடந்ததில்ல," என்று சொயெஜிமா ஆரம்பித்தார். "தாங்கள் என்ன தண்டனை சொன்னாலும்..."

"தண்டனையா!" இவகிரியின் குரல் கிறீச்சிட்டது. "சத்தியமா சொல்றேங்க, இனிமே அந்த ஸ்டேஷன் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டேன்! இந்த ஒரு தடவை விட்டுடுங்க!"

 தினசரிப் பயணிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்கிற லைன். அதிலும் ஒரு விரல் இப்போது மடங்கிவிட்டது. சொயெஜிமாவின் முகம் முலாம்பழத்தின் தோல் மாதிரி ஆனது.

"ஒகுனிஷி," என்றார் மெதுவாக. "நாளைக்கு நீ வண்டி எடுக்க வேணாம். தத்தேனோ, இவனுக்கு ஒரு அருவாளும் கையுறையும் பார்த்துக் கொடுங்க."

ஒகுனிஷிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க இன்னும் ஒரு தடவை குனிந்தான்.

அந்த நேரம் பார்த்து இவகிரியின் மனைவி ஃபுமியே தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தாள். மூன்று குனிந்த முதுகுகளையும் முலாம்பழத்தையும் புருஷனின் முழியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதுக்குங்க மறுபடியும் மறுபடியும் பழமும் கேக்குமா வர்றீங்க? எனக்கு ஒண்ணும் புரியலையே."

"உங்க வீட்டுக்காரர வண்டியில ஏத்தாம விட்டுட்டுப் போயிட்டோம்மா," என்றார் தத்தேனோ. "அவரு கையத் தூக்கிட்டு ஓடி வந்தும்..."

ஃபுமியே தட்டைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இவரா? இவரு ரயில்ல ஏறியே வருஷக்கணக்காச்சுங்க! பொழுது போகாம தினமும் ஸ்டேஷனுக்குப் போய், கையத் தூக்கி 'ரைட், போகலாம்'னு சத்தம் போட்டு வண்டிய அனுப்பி வெச்சாத்தான் இவருக்குத் திருப்தி. அன்னைக்குன்னு பார்த்துக் குளிக்கிற தொட்டியில தண்ணியத் திறந்து விட்டுட்டு வந்தது ஞாபகம் வந்து, வண்டிய அரை நிமிஷம் முன்னாடியே அனுப்பிட்டு வீட்டுக்கு ஓடி வந்துட்டாரு!"