மூன்றாம் எண் காற்று

காற்று எல்லோருக்கும் பொது என்று சொல்லித் திரிந்த உலகத்துக்கு, அதைப் பதவிவாரியாகப் பிரித்துக் கொடுக்க முடியும் என்று நிரூபித்த பெருமை கடத்தூர்ப் பக்கத்து ஏழரைக்கொட்டாய் விவசாயிகள் நலச் சங்கத்தையே சேரும்.

சங்கத்தில் ஓர் ஏர்கூலர். அதன் குமிழில் மூன்று எண்கள். செயலாளர் மாதவராஜ் நாற்காலியில் இருந்தால் மூன்று. அவர் எழுந்துபோய் கிளார்க் கலைமதி மட்டும் இருந்தால் இரண்டு. மனு கொடுக்க வந்த ஜனங்கள் மட்டும் என்றால் ஒன்று. குமிழைத் திருப்பும் 'அதிகாரம்' பியூன் மாதேஷுக்கு மட்டுமே. தீர்மானம் போட்டுக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள்.

இப்பேர்ப்பட்ட சட்டத்தைத்தான் மே மாத மதியம் ஒன்றில் கலைமதி மீறினாள். செயலாளர் சாப்பிடப் போன நேரம். வெக்கை தாங்காமல் குமிழை மூன்றில் வைத்துவிட்டாள். திரும்பி வந்தவர் தும்மினார். மறுநாளே மெமோ: 'அனுமதியின்றி உயர்வேகக் காற்று நுகர்ந்தமை.' குற்றம் உறுதியானால் தொப்பூர்க் கிடங்குக்கு மாற்றல். இரண்டு பஸ் மாறி வீடு திரும்ப ராத்திரியாகிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளுக்குக் கதவு திறக்க ஆள் கிடையாது. கலைமதிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

செயலாளர் தலைமையிலேயே விசாரணை கம்பீரமாகத் தொடங்கியது.

"மாதேஷ், உன் கண்ணால பாத்தியா?"

"பாத்தனுங்க சார். காத்து மூணுலதான் அடிச்சுது. என் மீசையே ஒருபக்கமா சாஞ்சிருச்சுங்க."

"எனக்குத் தும்மல் வந்துச்சேம்மா! ரெண்டாம் நம்பர் காத்துக்கெல்லாம் நமக்குத் தும்மல் வராது."

கலைமதிக்கு அழுகை முட்டியது. அதை முந்திக்கொண்டு கோபம் வந்தது. "எல்லாரையும் விசாரிச்சுட்டீங்க. அந்த மோட்டாரையும் ஒரு வார்த்தை கேட்டுருங்க சார்."

நியாயம்தானே! பாப்பாரப்பட்டியிலிருந்து மெக்கானிக் டேவிட்ராஜ் 'தொழில்நுட்ப சாட்சி'யாக வரவழைக்கப்பட்டார். பிளக்கைப் பிடுங்கினார், பின்பக்கம் திறந்தார், டெஸ்டரை ஒவ்வொரு வயராக வைத்துப் பார்த்தார். கண்டென்சர் நன்றாக இருந்தது. மோட்டாரின் கம்பிச்சுருளான காயிலும் நன்றாக இருந்தது. அப்புறம் குமிழின் அடியில் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்குள்ள காயில்ல மூணு எடத்துல வயர் எடுத்திருக்காங்க சார். கரண்ட்டு முழுக் காயிலையும் சுத்தி வந்தா மெதுவா ஓடும். பாதியில பூந்தா வேகமா ஓடும். எதுல பூரணும்னு இந்த நாப்பு சொல்லணும்" என்று குமிழைத் தட்டிக் காட்டினார்.

"சொல்லுதுல்ல?" என்றார் செயலாளர்.

"யாருகிட்டங்க சொல்லும்? நாப்புக்கு வயரே இல்லீங்க. நேரா ஸ்லோ வயர்ல முறுக்கி டேப்பு ஒட்டியிருக்குது. எப்படித் திருப்புனாலும் ஒரே காத்துதான். டேப்பப் பாத்தா அஞ்சு வருசம் இருக்குமுங்க."

மாதேஷ் தன் மீசையைத் தடவி, பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

மாதவராஜ் அசருகிற ஆளா? "காத்து வராட்டி என்னம்மா, உன் எண்ணம் மூணாம் நம்பர்தானே? ஏப்பா, ஒழுங்கா வயரக் குடு. மூணுல வச்சா எனக்குத் தும்மல் வருதா இல்லையான்னு இப்பவே காட்டறேன்."

டேவிட்ராஜ் வயர் கொடுத்துப் பிளக்கைச் செருகினார். மாதேஷ் பயபக்தியோடு குமிழை மூன்றுக்குத் திருப்பினார்.

அவ்வளவுதான். அஞ்சு வருஷம் அடங்கிக் கிடந்த காற்று ஒரே மூச்சாகக் கிளம்பியது. செயலாளரின் பின்னால் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த மனுக் கவர்கள் ஒவ்வொன்றாக எழும்பி, அவர் தலையைத் தாண்டி, ஜன்னல் வழியாக வெளியே காத்திருந்தவர்கள் மேல் கொட்டின.

"இது என் கவருங்க!" என்று கத்தினார் வெளியே நின்ற விவசாயி நஞ்சப்பன். "மேலிடத்துக்கு அனுப்பியாச்சு, மேலிடத்துக்கு அனுப்பியாச்சுன்னு ரெண்டு வருசமா சொன்னீங்களே? ஒட்டுனதக்கூடப் பிரிக்கலீங்களே!"

ஆளுக்கொரு கவரோடு கூட்டம் வாசலை அடைத்தது.

"சார், என் மெமோ?" என்றாள் கலைமதி, நிதானமாக.

"கிழிச்சுப் போடும்மா அதை! டேவிட்ராஜு, பழையபடி ஸ்லோவுலயே முறுக்கிடுப்பா, சீக்கிரம்!"

டேவிட்ராஜ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். காலியான அடுக்கைப் பார்த்தார்.

"இப்பத்தானுங்க சார் புரியுது, உங்களுக்கு முன்ன இருந்த செயலாளரு எதுக்கு டேப்பு ஒட்டச் சொன்னாருன்னு."