சடையனின் நடு அறை

ஒரு காட்டில், செல்போன் கோபுரமே நட்டாகிவிட்டது என்றால் எவ்வளவு பெரிய காடு என்று பார்த்துக்கொள்ளுங்கள், சடையன் என்றொரு கோவேறு கழுதை இருந்தது. அம்மா குதிரை, அப்பா கழுதை. மலைக்கு உப்பு மூட்டை சுமப்பது பிழைப்பு.

ஒருநாள் சிங்கராஜா முரசறைந்தது: "குதிரைகளுக்கு மட்டும் அரண்மனை லாயத்தில் இடம். மூன்று வேளையும் அவித்த கொள்ளு. வேலை கிடையாது."

அந்த லாயத்தில் எப்போதும் இடம் காலியாகவே இருக்கும். ஏன் என்று சடையன் கேட்கவில்லை. கொள்ளு என்ற சொல்லோடு அதன் மூளை நின்றுவிட்டது.

லாயத்து வாசலில் காவல் நரி மடக்கியது. "காது நீளமா இருக்கே, நீ குதிரையா?"

"அசல் குதிரைங்க."

"அப்போ பின்னாடி நிக்கிறது?"

துணைக்கு வந்த அப்பாக் கழுதை பல்லைக் காட்டிச் சிரித்தது.

"அவரா? தூரத்துச் சொந்தம்," என்றது சடையன்.

"டெஸ்ட் எடுத்துட்டு வா, போ."

ஆந்தை டாக்டரம்மாவின் லேபில் ஆட்டு மந்தைக்குப் பின்னால் வரிசையில் நின்று, கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டிக் கொடுத்தது சடையன்.

"செல்லுக்குள்ள உட்கருன்னு நடு அறை. டி.என்.ஏ. பெரும்பாலும் அங்கதான்," என்றது ஆந்தை. "பாதி குதிரை, பாதி கழுதை."

"வேற அறையே இல்லீங்களா?"

"சுத்தி மைட்டோகாண்ட்ரியான்னு குட்டி குட்டியா இருக்கு. அதுக்குள்ளயும் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு. அம்மா கொடுத்தது மட்டும்."

"அங்க நான் யாரு?"

"முழுக் குதிரை."

"அதையே சொல்லுங்க தாயே! நடு அறையை யாரு கேட்டா?"

ஆந்தை எழுதிய 'முழுக் குதிரை' சீட்டைக் காட்டி நுழைந்து, லாயத்தில் சடையன் தின்று கொழுத்தது. ஒரு மத்தியானம் ராஜா கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு வந்தது. "கழுதைக் கறி எனக்கு வாயு. அதான் குதிரையா பார்த்துச் சேர்க்கிறது."

"ஐயோ ராஜா, நான் கழுதைங்க! உட்கருவைப் பாருங்க!"

சத்தம் கேட்டு அப்பாக் கழுதை மூட்டையோடு ஓடிவந்தது. "எம் புள்ளதாங்க! பாதி நானுங்க!"

ராஜா ஆந்தையை அழைத்து விசாரித்தது. பிறகு தலையாட்டியது. "இவ்வளவுதானே? மீன்ல முள்ளை ஒதுக்குற மாதிரி, ஒவ்வொரு செல்லிலேயும் உட்கருவை ஒதுக்கிட்டுத் தின்னுடறேன்."

இடுக்கியும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்தது ராஜா. வருஷங்கள் ஓடிவிட்டன. பிடரி நரைத்துவிட்டது. இன்னும் சடையனின் இடது காது நுனியே தாண்டவில்லை.

"அவசரமில்லீங்க ராஜா, நிதானமா பாருங்க," என்கிறது சடையன், கொள்ளை மென்றுகொண்டே. "அப்பா, நீங்களும் சாப்பிடுங்க."

நீதி: உங்களைத் தின்ன வருகிறவரிடம், உங்களுக்குள் முள் எங்கெங்கே இருக்கிறது என்று விவரமாகச் சொல்லிவிடுங்கள். பொறுக்கியே அவர் கிழவராகிவிடுவார்.