நல்ல பேரிங்கை மாற்றிய மாப்பிள்ளை

ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த இஞ்சினை, கொழுந்தியாள் கல்யாணத்துக்கு ஐந்தே நாள் இருக்கும்போது, நானே முன்னின்று பிரிக்கவைத்தேன். மறைத்துப் பயனில்லை. மாமனார் ஊரான மார்க்கையன்கோட்டையில் இது தெரியாத ஆளே கிடையாது.

கார் அப்போது மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. "பொண்ணு மண்டபத்துக்குப் பெரிய மாப்பிள்ளை கார்லதான் வரும்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்ட மாமனார், வாடகைக் கார்க்காரரையும் வேண்டாமென்று அனுப்பியிருந்தார். அந்த நேரம் பார்த்து காரின் முன்பக்கம் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். உடனே வீடியோ பார்த்தேன். (எனக்குத் தெரிந்த ஒரே மெக்கானிக் வேலை அதுதான்.) யாரோ ஒரு வெள்ளைக்காரர், இவ்வளவு ஓடிய வண்டிக்கு இஞ்சின் பேரிங்கை முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் இஞ்சின் ஜாம் ஆகி நடுரோட்டில் நின்றுவிடும் என்றார். பட்டுப்புடவையும் மாலையுமாகக் கொழுந்தியாள் கவிதா உத்தமபாளையம் ரோட்டில் லிஃப்ட் கேட்டு நிற்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

பழனிசெட்டிபட்டியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜமால் அண்ணன் பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டார்.

"தம்பி, இது இஞ்சினுக்குள்ள வர்ற சத்தமே இல்ல. முன்னால எங்கனயோ எதுவோ தட்டுது. வண்டிய விட்டுட்டுப் போங்க, தேடிப் பாக்குறேன்."

"இல்லண்ணே, பேரிங்தான். மூணு லச்சம் ஓடிருச்சுல்ல? சத்தமே வராட்டியும் மாத்தணுமாம்."

"யாரு சொன்னாக?"

செல்போனைக் காட்டினேன். அரை நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நேரத்துக்கு ஆயில மாத்துனா அது பாட்டுக்கு ஓடும் தம்பி. ஓடுற இஞ்சினத் தொறக்காதீக."

திறந்தோம். (இந்த 'தோம்' சும்மா பேச்சுக்கு. திறக்கவைத்தது நான் ஒருவன்தான்.) பேரிங்குகள் பளபளவென்று இருந்தன. ஜமால் அண்ணன் அதில் முகம் பார்த்துத் தாடியைத் தடவிக்கொண்டார். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "இம்புட்டுத் தூரம் வந்தாச்சு, பேரிங்குக்குள்ள சுத்துற கிராங்கையும் மதுரைக்கு அனுப்பி லேத்துல அளந்துருவோம்ணே" என்றேன். கிராங்க் மதுரைக்குப் போனது. லேத்துக்காரர் வீட்டிலும் அதே முகூர்த்தத்தில் கல்யாணமாம். என் கிராங்கை உள்ளே வைத்துப் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

முகூர்த்த நாளில் திரும்பிய பக்கமெல்லாம் கல்யாணம். ஒரு வாடகைக் கார்கூட இல்லை. கடைசியில் கிடைத்தது, திராட்சை ஏற்றிப் போய்க்கொண்டிருந்த ஒரு குட்டியானை வண்டி. முன்னால் டிரைவர் பக்கத்தில் கவிதா. பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் நான், என் மனைவி செல்வி, மாமனார், மாமியார். கம்பத்தில் மண்டப வாசலில் இறங்கும்போது மாமனார் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மாப்ள, அந்த வெள்ளக்காரருக்குப் பத்திரிக்க வச்சீகளா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சம்பந்தி வேறு வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "என்னய்யா, சீருக்குத் தெராட்சத் தோட்டத்தையே கொண்டாந்துட்டீக?" என்றார். வேட்டியைத் தடவிப் பார்த்த பிறகுதான் நான் எதன் மேல் உட்கார்ந்து வந்தேன் என்று தெரிந்தது. வெள்ளை வேட்டி, பன்னீர் திராட்சை, உட்கார்ந்த இடம். இதற்குமேல் விவரிக்க மாட்டேன். கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் நிற்பேன்.

அடுத்த வாரம் புது பேரிங்கோடு கார் தயாரானது. எடுத்துவர நானும் செல்வியும் போனோம். ஜமால் அண்ணன் சாவியைத் திருகினார். 'டொக் டொக்'.

அவர் என்னைப் பார்த்தார். நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி தரையைப் பார்த்தாள். ஜமால் அண்ணன் குனிந்து, பம்பருக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, ஒரு கறுப்புக் கயிற்றை வெளியே இழுத்தார். கயிற்றின் முனையில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு படிகாரம்.

"இந்தாங்க தம்பி, உங்க பேரிங்கு."

"நான் திருஷ்டிக்கு வெளிய கட்டுனா நீங்க அறுத்துப் போட்டுறீக" என்றாள் செல்வி. "அதான் உள்ள கட்டுனேன். கல்யாண நேரத்துல காருக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதுல்ல?"

இருவருமே வண்டிக்கு ஒன்றும் வரக்கூடாது என்றுதான் நினைத்திருக்கிறோம். அவள் வைத்தியத்துக்கு ஒரு முழம் கயிறு போதுமாக இருந்தது.

கழற்றிய பழைய பேரிங்குகள் இன்று கவிதா வீட்டு ஷோகேஸில் இருக்கின்றன. "எங்க மச்சான் மாத்துன நல்ல பேரிங்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள். நான் வாசலில் கால் வைத்தாலே உள்ளிருந்து மாமனார் 'டொக் டொக்' என்று நாற்காலியைத் தட்டுகிறார். படிகாரத்தை இப்போதெல்லாம் நானே என் கையால், அதே இடத்தில் கட்டுகிறேன். போன ஐப்பசியில் நல்ல மழை. ஒருநாள் காலையில் வண்டியில் ஒரு சத்தமும் வரவில்லை. பதறிப்போய் நேராக ஜமால் அண்ணனிடம் ஓட்டிப் போனேன்.

"அண்ணே, டொக் டொக் சத்தத்தையே காணோம். இஞ்சின்ல என்னமோ கோளாறு!"

அவர் குனிந்து பம்பருக்குப் பின்னால் கையை விட்டு, வெறும் கயிற்றை வெளியே இழுத்தார்.

"மழையில கரைஞ்சிருச்சு தம்பி. இஞ்சினத் தொறந்துருவமா?"