தாக்கத்துக்குப் பின் 0.186

யோகலிங்கம் அவர்கள் சுவரில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். கிழிந்தால் சாட்சியம் போய்விடும். "ஐசே, பொலித்தீன் பையைப் பிடியும்" என்றார். பிடித்தேன். அணுவைப் பிளந்தவர்களை உலகம் கொண்டாடுகிறது. பிளந்த அணுவில் குறைந்துபோன பங்கைக் கையும் களவுமாகப் பிடித்த ஒரே மனிதர் எங்கள் யோகலிங்கம்தான். பிடித்த இடம், மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலை.

ஆண்டுக்கொரு தடவை பாடசாலைகளுக்குப் போய், பட்டியலில் உள்ள கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணி, 'உண்டு' அல்லது 'இல்லை' என்று குறிப்பதே எங்கள் கணக்கெடுப்புக் குழுவின் புனிதக் கடமை. குழு என்றால் இருவர். அவர் தலைவர். நான் எழுதுபவன்.

அந்தத் தாளின் தலைப்பு, 'கருப்பிளவில் வெளிவிடப்படும் சக்தியைக் கணித்தல்'. உயர்தர வகுப்புக்காகப் பௌதிகவியல் ரீச்சர் ஸல்ஹா எழுதி ஒட்டியது. யோகலிங்கம் தலைப்பு வாசித்துக் காலத்தை வீணாக்குபவர் அல்லர். நேரே கூட்டுத்தொகைக்கு இறங்கினார். தாக்கத்துக்கு முன், 236.053 அலகு. தாக்கத்துக்குப் பின், 235.867 அலகு. குறைவு, 0.186 அலகு. கீழே ரீச்சரின் கையெழுத்து வேறு.

ஒரு பாடசாலை தாக்கப்பட்டிருக்கிறது. பொருள் குறைந்திருக்கிறது. அதை எழுதிப் பகிரங்கமாகவும் ஒட்டியிருக்கிறார்கள். வேறு எவரும் பொலிசுக்கு ஓடியிருப்பார்கள். யோகலிங்கம் பாடசாலை வளவின் வெற்று மணலிலேயே மூன்று கதிரை போடச் சொல்லி விசாரணையைத் தொடக்கினார்.

ஸல்ஹா ரீச்சரின் தகுதிகாண் காலம் அடுத்த வாரம் முடிகிறது. அவர் பொறுப்பில் 'குறைவு ஏதும் இல்லை' என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம். கொடுக்காவிட்டால் இல்லை. அவர் கைக்குட்டையை நான்காக மடித்து, எட்டாகவும் மடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"தாக்கினது ஆர்?"

"நியூத்திரன், சேர்."

"எந்த ஊர்?"

ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் பேனையைப் பார்த்தேன்.

"வெளியில இருந்து வாறது சேர். மெதுவா வந்தாத்தான் உள்ளுக்குப் போகும்."

'இடம் பழகிய ஆள்' என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

அடுத்த அரைமணி நேரத்தில் திடுக்கிடும் உண்மைகள் வெளிவந்தன. உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தவை மூன்று என்று ரீச்சர் ஒப்புக்கொண்டார். காவலாளி எங்கே போனார் என்று கேட்டதற்கு, பாடசாலைக்குக் காவலாளியே கிடையாது என்றார். பேரியம், கிரிப்தன் என்ற இருவர் பிளவுக்குப் பின் ஆளுக்கொரு பக்கம் பறந்துபோனது பற்றியும் விசாரிக்கப்பட்டது. காணிப் பிரச்சினையா என்று தலைவர் கேட்டார். இல்லை, இருவருக்கும் நேர் மின்னேற்றம், ஒன்றையொன்று தள்ளும் என்றார் ரீச்சர். 'குடும்பப் பகை' என்று எழுதினேன்.

"அப்ப அந்த 0.186 எங்க?"

"சக்தியா மாறிட்டு சேர். 931.5 ஆல பெருக்கினா நூற்றி எழுபத்திமூண்டு மெகா இலத்திரன்வோல்ற்று."

'மெகா' என்றதும் யோகலிங்கம் எழுந்து நின்றார். ரீச்சர் பதறிப்போய், அது ஓர் அணுவுக்குரிய கணக்கு, ஓர் எறும்பின் காலைக்கூட அசைக்காது என்றார். ஆனால் ஒரு கிலோ யுரேனியம் முழுவதும் இப்படிப் பிளந்தால், மின்பட்டியல் கணக்கில் ஏறத்தாழ இரண்டு கோடி யூனிற் வெப்பம் வருமாம். உடனே பாடசாலையின் மின்பட்டியலைத் தருவித்தோம். நாற்பத்தொரு யூனிற். பொய் 'விஞ்ஞானபூர்வமாக' நிரூபணமாயிற்று.

"கதை வேண்டாம் ரீச்சர். ஆய்வுகூடத்தில செய்து காட்டுங்கோ."

"எந்த ஆய்வுகூடம் சேர்?"

யோகலிங்கம் புன்னகையுடன் பட்டியலைப் புரட்டினார். "ஆய்வுகூடம், இரண்டு மாடி, ஒன்று. உண்டு. இந்தா, போன வருசமும் உண்டு."

"நீங்க கதிரை போட்டு இருக்கிற இடந்தான் சேர் அது" என்றார் ரீச்சர். "அது இல்லாததாலதான் நான் எல்லாத்தையும் சுவரில ஒட்டிப் படிப்பிக்கிறன்."

கதிரைக் கால்கள் மணலில் புதைந்திருந்தன. ஓர் ஆடு இரண்டாம் மாடி இருக்கவேண்டிய இடத்தை அண்ணாந்து பார்த்தது.

அப்போதுதான் யோகலிங்கத்தின் முகத்தில் ஞானம் பிறந்தது. குரல் குழைந்தது. "ரீச்சர், எந்தப் பொருளும் சக்தியா மாறுமோ?"

"சமன்பாட்டின்படி ஓம், சேர்."

"கட்டடமும்?"

0.186 அக்கணமே மன்னிக்கப்பட்டது. 'மேற்படி ஆய்வுகூடம் இயற்கை விதிகளுக்கமைய முற்றாகச் சக்தியாக மாறியுள்ளது' என்று ரீச்சர் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும். 'குறைவு ஏதும் இல்லை' கடிதம் இப்போதே கையில். தலைவர் தன் சொந்தப் பேனையையே நீட்டினார்.

ரீச்சர் பேனையை வாங்கினார். மூடியைத் திறந்தார். திரும்ப மூடினார்.

"எழுத ஏலாது சேர். அவ்வளவு திணிவு சக்தியா மாறியிருந்தா இந்த ஊரும் இருக்காது, அங்கால துறைமுகமும் இருக்காது. கட்டடம் சக்தியா மாறேல்ல. இடம் மாறியிருக்கு."

'இடம் மாறியிருக்கு' என்ற சொல் யோகலிங்கத்துக்கு மிகவும் பிடித்துவிட்டது. நிரந்தரக் கடிதத்துக்குப் பதிலாக, ரீச்சருக்கு அடுத்த வாரமே கந்தளாய்க்கு அப்பால் இடமாற்றம் வந்தது. தகுதிகாண் காலமும் ஓராண்டு நீண்டது. பட்டியலில் 0.186க்கு நேரே 'இல்லை' என்று சிவப்பு மையால் குறித்தேன். ஆய்வுகூடத்துக்கு நேரே, வழக்கம்போல, 'உண்டு'.

இருந்தாலும் ரீச்சரின் கணிப்பை நான் மெச்சுகிறேன். பௌதிகவியல் பொய் சொல்லாது. அந்தக் கட்டடத்தின் கல்லிலோ கம்பியிலோ ஒரு கிராம்கூட அழியவில்லை. சந்தேகம் உள்ளவர்கள் உவர்மலைக்கு வரலாம். என் வீட்டின் இரண்டாம் மாடியில் நின்றால் துறைமுகம் முழுவதும் தெரியும்.