பானைக்குத் திரும்பாத சோறு

நேற்று எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று யாராவது கேட்டால் இன்றும் எனக்குக் காது சூடாகிவிடும். ஊரார் சோற்றை அளக்கப் போன ஒருவனுக்கு இது வெளியே சொல்லக்கூடிய வியாதி அல்ல.

படிப்பை முடித்துவிட்டு, நிறையப் புத்தகங்களும் வேலையின்மையுமாக இருந்த காலம். வண்டிப்பெரியார்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மக்கள் என்ன, எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுக்க ஆள் எடுத்தார்கள். முதல் நாள் எழுதும் தாள்கள் சரியாக இருந்தால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் ஊருக்கு பஸ். நானோ அதற்குள் வீட்டில் 'ஆராய்ச்சி உத்தியோகம்' என்று சொல்லிவிட்டிருந்தேன். (அப்பா தெருவுக்கே சொல்லிவிட்டிருந்தார்.)

வேலை எளிது. காலிக் கிண்ணங்களையும் கரண்டிகளையும் வீட்டுக்காரரிடம் காட்டி, நேற்று இதில் எத்தனை சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். எனக்கு அது போதவில்லை. காலிக் கிண்ணத்தில் சோற்றைக் கற்பனை செய்ய அவர்கள் என்ன கவிஞர்களா? நிஜச் சோற்றையே தட்டில் போடச் சொல்லித் தராசில் நிறுப்பது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து எடுக்கும் வேலை இல்லாத நாள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் முதல் வீடு பேச்சியம்மாள் அக்காவுடையது. நேற்றுச் சாப்பிட்ட அளவைப் போட்டுக் காட்டச் சொன்னேன். தட்டைக் கழுவித் துடைத்து, குவித்துப் போட்டார். நான் நிறுத்து எழுதியதும் அதன்மேல் கருவாட்டுக் குழம்பை ஊற்றினார். எழுந்தேன்.

"எங்க சார் கெளம்புறீக? தட்டுல போட்ட சோத்த மறுபடி பானையிலயா போட முடியும்? உக்காந்து சாப்புடுங்க."

சாப்பிட்டேன். அடுத்த வீட்டில் வயிற்றைத் தொட்டுக் கும்பிட்டுப் பார்த்தேன். "பேச்சி வீட்டுல சாப்புட்டீகளாம்ல. எங்க வீட்டுச் சோறு மட்டும் எறங்காதோ?" என்றார் அந்த அக்கா.

அப்போதாவது கிண்ணங்களை எடுத்திருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வீடு முறையை மாற்றினால் ஆய்வு என்னாவது? கொள்கைக்காக உயிரை விட்டவர்களை நினைத்துக்கொண்டு லயம் முழுக்கச் சாப்பிட்டேன். கடைசி வீட்டில் கப்பைக் கிழங்கும் மீன்கறியும். (நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

மாலையில் மேற்பார்வையாளர் ஜெயந்தி வந்தார். வாளையார்க்காரர், என் வயசுதான். கல்லில் சாய்ந்து கிடந்த என்னை விட்டுவிட்டுத் தாள்களைப் பார்த்தார். "ஏனுங்க, இங்க எல்லாருமே பயில்வானுங்களா?" என்றவர், நேரே பேச்சியம்மாளிடம் போய், நேற்று இவ்வளவு சோறா சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தார்.

"நா எங்கம்மா அம்புட்டுத் திங்க? அது சாருக்குன்னு போட்டதாச்சே. வீட்டுக்கு வந்தவுகளுக்கு அள்ளி வைக்காம?"

ஜெயந்தி சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தாள்களை மடித்துக்கொண்டே சொன்னார்: "இதுல சரியாப் பதிவானது ஒருத்தரோட சாப்பாடு மட்டுந்தானுங்க. அது உங்களுது."

வேலை அத்தோடு போயிற்று. ஆனால் பஸ் புறப்படுமுன் ஜன்னல் வழியாக ஒரு சோடா பாட்டிலை நீட்டியதும் அதே ஜெயந்திதான். அந்த ஏப்பத்தில் தொடங்கிய பழக்கம் கல்யாணத்தில் போய் நின்றது.

இன்றும் மறுசோற்றுக்குத் தட்டை நீட்டினால், கரண்டியை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு கேட்பாள்: "ஏனுங்க, இது சாப்பிடறதுக்குங்களா, கணக்குக்குங்களா?" பிள்ளைகள் சிரித்து முடிக்கும்வரை கரண்டி இறங்காது.

கணக்குக்குத்தான் என்பேன். தட்டில் விழுந்துவிட்டால் அப்புறம் பானைக்குத் திரும்ப முடியாதே.